மிஷினுக்குப் பின்னால் நீங்கள் ஒட்டிய தாள்

என் தங்கை இராமாத்தாளைக் கட்டிக்கொண்டு, இருபத்தாறு வருசம் என்னை 'மச்சான், மச்சான்' என்று வாய் நிறையக் கூப்பிட்ட வெள்ளிங்கிரி மாப்பிள்ளைக்கு,

இதை எழுதுவது நான்தான். நாச்சிமுத்துதான். நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். முதல் வரியை எழுதி முடித்துவிட்டு, இது என் கை எழுதியதுதானா என்று நானே இரண்டு தடவை பார்த்தேன். ஒரு பக்கம் எழுத ஐந்து நாள் ஆகிறது. 'ழ' வருகிற இடத்தில் பேனாவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என்ன ஒரு சுகம் மாப்பிள்ளை! அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு சுகம் காத்திருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே?

ஐப்பசியில் இருந்து கணபதிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ஏன் சேர்ந்தேன் என்றால், உங்களிடம் மறைப்பானேன், சந்தேகத்தால்தான். ரேசன் கடையில் 'பருப்பு இன்னும் வரலீங்க' என்கிறார்களே, பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறதா? 'துடியலூர் போகுமுங்க, ஏறுங்க' என்கிறார்களே, பஸ்ஸின் நெற்றியில் என்ன போட்டிருக்கிறது? எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாரும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை காலமாக யாருமே என்னை ஏமாற்றவில்லை என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சொல்ல வந்த சேதிக்கு வருகிறேன். ஆடியில் நீங்கள் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகு நம் பம்பு மோட்டார் கம்பெனியில் உங்கள் டெஸ்டிங் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா? உங்கள் மகள் கோகிலா. மோட்டாரைத் தட்டிப் பார்க்கும்போது தலையைச் சாய்க்கிறாளே, அது அப்படியே நீங்கள்தான்.

இராமாத்தாளுக்கு இதில் மனசே இல்லை. "அந்தச் செகப்பு ஒயரு வேண்டாமுங்கண்ணா. தொட்டா ஆளையே தூக்கி வீசிப்போடும்னு அவரே சொல்லீருக்காரு" என்று அழுதாள். "நானும் அங்கதான அம்மணி கூட்டிப் பெருக்கிட்டு இருக்கறேன்? எங்கண்ணு முன்னாலதான இருப்பா?" என்று சொல்லி நான்தான் அவளைச் சரிக்கட்டினேன்.

இந்தக் கடிதத்தை வகுப்பில் எல்லாரும் படிக்கட்டும் என்கிறார் டீச்சரம்மா. அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதியையும் நாலு வரி எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். செம்புக் கம்பி சுற்றுகிற வைண்டிங் வேலை முடிந்த பம்பு மோட்டாரைக் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்து, வீட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு வோல்டேஜைச் சிவப்பு ஒயர் வழியாகக் கொடுத்து, மோட்டார் உடம்புக்குக் கரண்ட் கசிகிறதா என்று அளந்து காட்டுகிற மிஷின் அது. கரண்ட் ஓடும்போது மேலே சிவப்பு விளக்கு எரியும். மிஷினின் பின்புறம் ஒயர் மாட்டுகிற நாலு சின்ன டெர்மினல். கூண்டின் கதவில் இருந்து வருகிற இரண்டு ஒயர் ஒரு சோடியில் மாட்டப்பட்டிருக்கும். கதவு திறந்தால் மிஷின் நின்றுவிட வேண்டும், அதற்கு. காலால் மிதிக்கிற பெடலில் இருந்து வருகிற இரண்டு ஒயர் இன்னொரு சோடியில். மிதித்தால் மிஷின் கிளம்ப வேண்டும், அதற்கு. நாலு ஒயரும் ஒரே சாம்பல் நிறம்.

மார்கழியில் ஒரு நாள் கோகிலா கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, கால் வலியா?"

"பெடல மிதிச்சுட்டே இருக்கோணுமுங்க மாமா. கால எடுத்தா மிஷின் நின்னுபோகுது."

"உங்கப்பா ஒரு தட்டுத் தட்டிப்போட்டுக் காலக் கட்டிட்டு ஒக்காந்துக்குவாரே?"

"அது அப்பா இருக்கறப்பங்க. இப்ப மொதல்ல பெடல மிதிக்கோணும். மிதிச்சுட்டே கதவச் சாத்தோணும். அப்பத்தான் கெளம்புது. பிரபு அண்ணந்தான் கண்டுபுடிச்சுச் சொன்னாரு. ஆயுத பூசையில இருந்து இப்படித்தானுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் கதவைச் சாத்திவிட்டுத்தான் பெடலைத் தட்டுவீர்கள். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்? மிஷினுக்கு எப்படி வரிசை மாறும்? ஆளுக்குத்தான் புத்தி மாறும்.

பிரபுவை உங்களுக்குத் தெரியும். ஃபிட்டர். மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று கோடை முழுவதும் உங்களோடு மல்லுக்கு நின்றவன். இப்போது மிஷின்களைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான். அவன் மச்சினனுக்கு டெஸ்டிங் மேசையைக் கேட்டிருந்தான், கோகிலாவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் ஒரு பேச்சு. இந்த இரண்டையும் நான் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டேன். அவன் ஏதோ செய்திருக்கிறான். என்ன செய்தான் என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து விளக்குமாறும் கையுமாக அவன் பின்னாலேயே திரிந்தேன். அவன் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். கோகிலாவுக்கு அவன் டீ வாங்கிவந்து கொடுத்தான், அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்ணா, அந்த எடத்த இன்னைக்கு நாலாவது தடவ கூட்டறீங்க. தங்கம் கிங்கம் கெடக்குதுங்களா?" என்றான் ஒரு நாள்.

"கெடந்தா உனக்குச் சொல்லாம எடுத்துக்குவனாக்கும்?" என்றேன்.

"நீங்க சொல்லமாட்டீங்கன்னுதானுங்க நானும் பாத்துட்டு இருக்கறேன்."

அவனும் என்னைச் சந்தேகப்படுகிறான்! எனக்கு இது புதுசாக இருந்தது.

அப்போதுதான் உங்கள் தாள் கண்ணில் பட்டது. மிஷினுக்குப் பின்னால், சுவரில், குந்தி உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக வருகிற உயரத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். எத்தனை வருசமாக அதற்குக் கீழே கூட்டியிருக்கிறேன்! பழைய காலண்டர் என்று நினைத்து ஒட்டடைகூட அடித்திருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே குனிவதில்லை. குனிகிறவனுக்குப் படிக்கத் தெரியாது. தை பிறந்து நான் குனிந்தபோது, முதல் எழுத்து 'மி' என்று தெரிந்தது. அப்புறம் 'ஷி'. அப்புறம் 'னை'. மாப்பிள்ளை, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அது உங்கள் எழுத்து! நீங்கள் போய் ஆறு மாசம் கழித்து என்னோடு பேசுகிறீர்கள்.

தினமும் அரிசிபருப்புச் சோற்றை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, மீதி நேரம் அங்கே போய்க் குந்திக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. 'மிஷினை ஆஃப் செய். பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கிய பின் பத்து எண்ணு.' அடுத்த நாள், 'டெர்மினலுக்கு வெளியில் இருந்து கரண்ட் கொடுக்காதே. அதில் வெறும் சுவிட்ச் மட்டும்தான் வர வேண்டும். கொடுத்தால் மிஷின் போய்விடும், ஆளும் போவான்.' எனக்குச் சிரிப்பு வந்தது, நீங்கள் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறீர்கள். அதற்கடுத்த நாள், 'இடது சோடி கதவு. வலது சோடி கால். மாற்றாதே.' பிறகு, ஒயர் நுனி வெளியே தெரியக்கூடாது என்றும், இறுக்கிய பின் இழுத்துப் பார்க்க வேண்டும் என்றும், சிவப்பு ஒயர் இந்த ஒயர்களைத் தொட்டுக்கொண்டு போகக்கூடாது என்றும்.

கடைசி வரிக்கு இரண்டு நாள் ஆனது. 'விளக்கு எரியும்போது கதவைத் திற. அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்த மிஷினில் யாரும் கை வைக்கக்கூடாது.'

படித்துவிட்டு, என் படிப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டு போய், எதுவும் சொல்லாமல் டீச்சரம்மாவிடம் நீட்டினேன். அவரும் அதையேதான் படித்தார். "யாருங்க எழுதினது? நல்லா இருக்கே" என்றார். "எங்க மாப்பிள்ளைங்க" என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு ஒரு பிடி நிமிர்ந்தது.

மறுநாள் அந்த விளக்கின் மேல் கண்ணை வைத்துக்கொண்டே பெருக்கினேன். கோகிலா ஒவ்வொரு தடவையும் காலை எடுத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். காலை எடுத்ததும் விளக்கு அணைந்துவிடும். இதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு மறுநாள், பொள்ளாச்சித் தோப்புக்குப் போகிற பெரிய மோட்டார் ஒன்று உள்ளே இருந்தது. சிவப்பு ஒயரின் கிளிப்பு நழுவித் தொங்குவதைக் கோகிலா பார்த்தாள். அவசரம். கால் பெடலில் இருக்க, இடது கையால் கதவைத் திறந்து, வலது கையை உள்ளே நீட்டினாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கைய எடு கண்ணு!" என்று கத்தினேன். என் தொண்டையில் இருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. பிள்ளை அதிர்ந்து பின்னால் சாய்ந்தாள். கால் பெடலை விட்டு நழுவியது. விளக்கு அணைந்தது. அவள் விரலுக்கும் அந்தக் கிளிப்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும், அவ்வளவுதான். மாப்பிள்ளை, அந்த ஒரு சாணை இப்போதும் கனவில் அளந்துகொண்டிருக்கிறேன்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. நேராகப் பிரபுவின் சட்டையைப் பிடித்தேன். "என்னடா பண்ணி வெச்சிருக்கற மிஷினுல? என் தங்கச்சி மகளக் கொல்லப் பாக்கறியா?"

"ஏனுங்ணா, வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. வயசுக்குத்தான் மரியாத" என்று என் கையை எடுத்துவிட்டான். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. "கதவு தெறந்தா மிஷின் நின்னுபோகுமுங்க. இதுல கரண்டே வராது. இருங்க, உங்க கண்ணு முன்னாலயே காட்டறேன்."

மோட்டாரையும் சிவப்பு ஒயரையும் கழற்றி வைத்தான். வெறும் கூண்டு. பெடலை மிதித்துக்கொண்டு கதவைச் சாத்தினான். விளக்கு எரிந்தது. பிறகு, காலை எடுக்காமல், கதவைத் திறந்தான். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சாத்தினான், திறந்தான். எரிந்துகொண்டே இருந்தது. அவன் நெற்றியில் வேர்வை பூத்ததை நான் பார்த்தேன். நடிப்பாக இருக்குமோ என்று அப்போதும் நினைத்தேன்.

மிஷினை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கினான். "பத்து எண்ணோணும்" என்றேன் நான். திரும்பி ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் எண்ணினான். மிஷினைத் திருப்பி, டார்ச்சை அடித்துக் குனிந்தான்.

"இதென்னங்க, டெர்மினலெல்லாம் சந்தனமும் குங்குமமும்? யாரு வெச்ச பொட்டு இது?"

அப்போதுதான் எனக்கு ஆயுத பூசை ஞாபகம் வந்தது.

மாப்பிள்ளை, ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நீங்களே ஒயரைக் கழற்றி, மிஷினைத் துடைத்து, நீங்களே மாட்டுவீர்கள். இந்தப் புரட்டாசியில் நீங்கள் இல்லை. துடைக்கிற வேலை எனக்கு வந்தது. ஒயரோடு துடைத்தால் சரிப்படாது என்று நாலையும் கழற்றினேன். எங்கே எது என்று மறந்துவிடக் கூடாதே! எழுத்துத் தெரியாதவனுக்கு ஒரு யோசனை. கதவு ஒயருக்கும் அதன் டெர்மினலுக்கும் சந்தனப் பொட்டு. கால் ஒயருக்கும் அதன் டெர்மினலுக்கும் குங்குமப் பொட்டு. எவ்வளவு கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு கை கழுவப் போனேன்.

திரும்பி வருவதற்குள் வைண்டிங்கில் இருக்கிற தெய்வானையும் மற்றப் பெண்களும் தட்டோடு வந்து, மிஷினுக்கு முன்னும் பின்னும், தொங்குகிற ஒயர் நுனி முதற்கொண்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டார்கள். பூசையன்று எந்தச் சாமானும் மூளி நெற்றியோடு இருக்கலாமா? அவர்கள் மேல் என்ன குற்றம்? என் அடையாளம் எது, சாமிக்கு வைத்தது எது என்று தெரியவில்லை. கேட்க வெட்கம். குத்துமதிப்பாக மாட்டினேன். மறுநாள் மிஷின் கிளம்பாமல் அடம் பிடித்தது. பிரபு கதவை ஆட்டி, பெடலை மிதித்து, அப்படியும் இப்படியும் செய்து பார்த்ததில் எப்படியோ கிளம்பிவிட்டது. கதவு சுவிட்ச் லூஸ் என்று முடிவு செய்தான். கிளம்பிவிட்டதே என்று நான் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தேன்.

கதவு இருக்க வேண்டிய இடத்தில் கால். கால் இருக்க வேண்டிய இடத்தில் கதவு. அதனால்தான் கதவைச் சாத்தினால் மிஷின் கிளம்பியது. காலை எடுத்தால் நின்றது. கதவைத் திறந்தால் அதற்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். என் கையை மட்டும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. ஏன் மாப்பிள்ளை?

பொட்டு யார் வைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பூசையில் எல்லாரும்தான் வைத்தார்கள். நான் பேசாமல் நின்றிருந்தால் அது அப்படியே போயிருக்கும். ஒரு நிமிசம் அப்படி நிற்கத்தான் நினைத்தேன், உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. ஆனால் கோகிலா அங்கே நின்று தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான்" என்றேன். "பூசையன்னைக்கு ஒயரக் கழட்டி மாட்டுனது நாந்தான். மாத்தி மாட்டிப்போட்டேன்."

பிறகு பிரபுதான், "ஒரு மாசமா வெளக்கமாத்தோட எம் பொறத்தாலயே வந்தீங்களேண்ணா, ஒருக்கா கண்ணாடியப் பாத்திருக்கலாமுங்க" என்றான். தெய்வானை சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அடி விழுந்திருந்தால்கூடத் தேவலை. பிறகு அவனே, "லூசுன்னு சொல்லீட்டு ஒருக்காக்கூடக் குனிஞ்சு பாக்காம இருந்தது என் தப்புமுங்க" என்றான், என்னிடம் இல்லை, கோகிலாவிடம்.

கோகிலா என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. டார்ச்சைப் பிரபுவிடம் இருந்து வாங்கிச் சுவரில் அடித்தாள். உங்கள் எழுத்து வெளிச்சத்தில் வந்தது. அவளும் அப்போதுதான் அதைப் பார்க்கிறாள். கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"படிங்க மாமா" என்றாள். "மொத வரியில இருந்து படிங்க. அண்ணன் மாட்டட்டும்."

கம்பெனி முழுவதும் நிற்க, நான் படித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் ஒரு வரியை முடிக்கிறவரைக்கும் பிரபு ஸ்குரூ டிரைவரை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தான். 'மாற்றாதே' என்கிற சொல்லைப் படித்தேன். இரண்டாம் தடவையும் படித்தேன். பொட்டையெல்லாம் துணியால் துடைத்து, ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து வருகிறது என்று கையால் தடவிக்கொண்டே வந்து பார்த்து, மாட்டி, இழுத்துப் பார்த்து, சிவப்பு ஒயரை ஒதுக்கிக் கட்டினான்.

பிறகு கோகிலா வெறும் கூண்டின் கதவைச் சாத்தினாள். பெடலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காலை எடுத்தாள். விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். அணைந்தது. மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் அணைந்தது. ஒரு விளக்கு அணைந்ததற்கு இத்தனை பேர் சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் மோட்டாரை ஏற்றுவதற்கு முன்னால் அதைச் செய்கிறார்கள். நான் அந்த நேரத்தில் அங்கே போய் நிற்கிறேன். பிரபு, "வந்துட்டாருங்க சி.ஐ.டி." என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும். விளக்கு நிஜமாகவே அணைகிறதா, பல்பு ஃபியூஸ் போய் அணைந்த மாதிரி தெரிகிறதா என்று எனக்கு இப்போது புதுச் சந்தேகம். கோகிலாவிடம் கேட்டேன். "நல்ல கேள்விதானுங்க மாமா" என்று சொல்லி, கதவை மறுபடி சாத்திப் பெடலைத் தட்டி, விளக்கு எரிவதையும் காட்டினாள். அவள் என்னோடு பழையபடிதான் பேசுகிறாள். நான்தான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

"அம்மாகிட்ட நானு சொல்லமாட்டேனுங்க மாமா. தெரிஞ்சா என்னைய வேலைக்கே உடாது" என்றாள் அன்றைக்கே. நானும் சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டின நாளில் இருந்து அதே யோசனைதான். இது அவளுடைய வேலைக்காக மறைப்பதா, என்னுடைய மானத்துக்காக மறைப்பதா? என்னை நானே நம்ப முடியவில்லை மாப்பிள்ளை. இராமாத்தாள் என் பேச்சை நம்பித்தான் பிள்ளையை அனுப்பினாள். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? 'பொட்டுல மறைச்சது போதும் மச்சான்' என்பீர்களோ?

வருகிற ஞாயிற்றுக்கிழமை இராமாத்தாளைப் பார்க்க இடிகரைக்குப் போகிறேன். கோகிலாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு நிமிசம் முறைத்தாள், அப்புறம், "நானும் கூட இருக்கறேனுங்க" என்றாள். என் தப்பை இராமாத்தாளிடம் நானே சொல்வேன். அவள் மண்ணை வாரித் தூற்றினாலும் பாதியில் எழுந்திருக்க மாட்டேன். அவள் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்தபிறகு, உங்கள் தாளில் இருப்பதை அப்படியே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிவைத்திருக்கிறேன், அதை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அவளுக்கும் படிக்கத் தெரியாதே. தன் புருசன் இந்தப் பிள்ளைக்காக என்ன எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அவள் ஒருதரம் கேட்கட்டும். அதற்குப் பிறகு கோகிலாவை அனுப்புவதும் அனுப்பாததும் அவள் இஷ்டம்.

இது சத்தியம் மாப்பிள்ளை.

இராமாத்தாளின் அண்ணன்,
கோகிலாவின் தாய்மாமன்,
உங்கள் மச்சான் நாச்சிமுத்து